களவுபோன வண்டியும் கணக்கில் நிற்கும் கடனும்

“வண்டியே போய்விட்டது. இனி எதற்குத் தவணை கட்ட வேண்டும்?”

வாகனக் கடன் வழங்கும் எந்த வங்கிக் கிளைக்கும் இக்கேள்வி புதிதன்று. கேட்பவர் பெரும்பாலும் காவல் நிலையத்திலிருந்து நேரே வந்திருப்பார். கையில் முதல் தகவல் அறிக்கையின் நகல் இருக்கும். நேற்றிரவு வாசலில் நிறுத்திய வண்டி காலையில் அங்கே இல்லை என்னும் அதிர்ச்சி முகத்தை விட்டு இன்னும் அகன்றிராது. அவருக்குச் சொல்ல வேண்டிய விடையோ கசப்பானது. வண்டி கடனுக்கு ஈடு மட்டுமே. கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவருடையது. ஈடு களவுபோனாலும் பொறுப்பு அவரிடமே நிற்கும். அடுத்த மாதமும் தவணை நாள் தவறாமல் வரும்.

வாகனத் திருட்டைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக மாநிலங்களின் வரிசையைப் பார்க்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்னும் அறிக்கையை வெளியிட்டு வருகிறது. அது வெளிவந்ததும் எந்த மாநிலத்தில் திருட்டு மிகுதி, எந்த நகரம் முதலிடம் என்று செய்திகள் வரும். நம் ஊர் பட்டியலின் அடியில் இருந்தால் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதை, நாட்டின் வாகனத் திருட்டுப் புள்ளிவிவரங்களில் எப்போதும் தலைப்பக்கம் நிற்கும் தில்லியைக் கொண்டே பார்க்கலாம்.

ஓர் எண்ணிக்கை, மூன்று விகிதங்கள்

தில்லி தேசியத் தலைநகரப் பகுதியில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனத் திருட்டு வழக்குகள் பதிவாகியுள்ளன. கணக்கின் வசதிக்காக அதை 35,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணை எதனால் வகுப்பது? காப்பகத்தின் வழக்கம், குற்ற எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சம் மக்களுக்கு இத்தனை என்று சொல்வதாகும். தில்லியின் மக்கள்தொகையை இரண்டு கோடி என்று கொண்டால், லட்சம் பேருக்கு 175 வழக்குகள் என்றாகும். ஆனால் களவுபோவது மனிதரல்லர், வண்டி. வண்டியே இல்லாத குடும்பத்திற்கு வாகனத் திருட்டு அபாயம் ஏது? மக்கள்தொகையால் வகுக்கும்போது, வண்டிகள் குறைவாக உள்ள மாநிலம் பாதுகாப்பான மாநிலம் போலத் தோன்றிவிடும்.

அப்படியானால் பதிவுபெற்ற வாகனங்களின் எண்ணிக்கையால் வகுக்கலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தில்லி அரசின் பொருளாதார ஆய்வறிக்கையின்படி, அங்கே 2021 மார்ச் இறுதியில் பதிவேட்டில் இருந்த வாகனங்கள் ஏறத்தாழ ஒரு கோடியே 22 லட்சம். ஓராண்டு கழித்து, 2022 மார்ச் இறுதியில் அது ஏறத்தாழ 79 லட்சமாகச் சுருங்கியது. சாலையிலிருந்து நாற்பது லட்சம் வண்டிகள் ஒரே ஆண்டில் மறைந்துவிடவில்லை. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகரில் ஓடக்கூடாது என்ற ஆணைகளின் தொடர்ச்சியாக, காலங்கடந்த பதிவுகள் கூட்டமாக நீக்கப்பட்டன. அவற்றுள் பல என்றோ உடைத்து விற்கப்பட்டவை. ஏட்டில் மட்டும் வாழ்ந்தவை.

நம்முடைய 35,000-ஐப் பழைய பதிவேட்டால் வகுத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 350 வண்டிகளுக்கு ஒன்று களவுபோகிறது. புதிய பதிவேட்டால் வகுத்தால், ஏறத்தாழ 226 வண்டிகளுக்கு ஒன்று. திருடர்கள் ஒரு வண்டியைக்கூடக் கூடுதலாகத் தொடவில்லை. ஆயினும் அபாயம் பாதிக்கு மேல் கூடிவிட்டதாகக் கணக்குச் சொல்கிறது. இரண்டில் பின்னதே உண்மைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஏட்டில் மட்டும் உள்ள வண்டியை எவரும் திருட முடியாது.

எண்ணிக்கையின் மேற்பகுதியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. நொய்டா, குருகிராம், காசியாபாத், ஃபரீதாபாத் ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் தில்லிக்குள் வரும் வண்டிகள் பிற மாநிலப் பதிவெண் கொண்டவை. அவை தில்லியில் களவுபோனால் வழக்கு தில்லிக் கணக்கில் ஏறும். வண்டியோ தில்லிப் பதிவேட்டில் இராது. வழிமறித்து ஆயுதம் காட்டிப் பறித்த கார் திருட்டுக் கணக்கிலேயே வராது. ஒரு வழக்கில் பல குற்றங்கள் சேர்ந்திருந்தால் பெருங்குற்றத்தின் கீழ் மட்டுமே அதை எண்ணுவது காப்பகத்தின் விதி. ஆகவே அது கொள்ளையில் சேரும். மேலும், தில்லிக் காவல் துறை 2015 முதல் வாகனத் திருட்டுக்கு இணையவழியிலேயே முதல் தகவல் அறிக்கை பதியும் வசதியைத் தந்துள்ளது. புகார் பதிவது எளிதானால் எண்ணிக்கை உயரும். புகாரை வாங்கவே தயங்கும் காவல் நிலையங்கள் உள்ள ஊரில் எண்ணிக்கை தாழ்ந்து நிற்கும். பட்டியலில் கீழே இருப்பதை நற்சான்றாகக் கொள்ளுமுன் இதையும் நினைக்க வேண்டும்.

ஆண்டு விகிதம் சிறியதாகவே தோன்றலாம். 226-க்கு ஒன்று என்பது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. ஆனால் கார்க் கடன் ஓராண்டுக்கு வாங்கப்படுவதில்லை. ஏழாண்டுக் கடன் என்றால், இதே விகிதம் நீடிக்கும் பட்சத்தில், அக்காலத்துள் வண்டி களவுபோகும் வாய்ப்பு நூற்றில் மூன்றாகிறது. ஒரு கிளையில் நூறு கார்க் கடன்கள் இருந்தால் அவற்றுள் மூன்று பேர் இக்கட்டுரையின் முதல் வரியைச் சொல்லக்கூடும். இதுவும் சராசரியே. பூட்டிய நிறுத்துமிடம் உள்ள அடுக்ககத்தில் குடியிருப்பவரும், கரோல் பாக் போன்ற நெருக்கமான பகுதியில் தெருவோரம் இடம்பிடித்து நிறுத்துபவரும் ஒரே சராசரிக்குள் அடங்குகிறார்கள். அவர்களுடைய அபாயம் ஒன்றாக இருக்க முடியாது.

ஒரு சிறு வியப்பையும் இங்கே குறிக்கலாம். மோட்டார் காப்பீட்டின் பழைய கட்டண விதிகள் கார்களுக்கும் இரு சக்கர வாகனங்களுக்கும் நாட்டை இரண்டே மண்டலங்களாகப் பிரித்தன. அகமதாபாத், பெங்களூரு, சென்னை, தில்லி, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, புணே ஆகிய எட்டு நகரங்கள் ஒரு மண்டலம்; எஞ்சிய இந்தியா முழுவதும் மற்றொன்று. திருட்டில் முன்னிற்கும் தில்லியும் சென்னையும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. 2007-இல் கட்டணக் கட்டுப்பாடு நீங்கிச் சொந்தச் சேதப் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கத் தொடங்கிய பின்பும் இம்மண்டலப் பிரிவு வழக்கில் இருக்கிறது.

வண்டி எங்கே போகிறது

திருடிய வண்டிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உறுப்பு உறுப்பாகப் பிரிந்து சந்தைக்குப் போவது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரிலுள்ள சோத்திகஞ்ச் இதற்கு நெடுங்காலம் பெயர்பெற்றிருந்தது. தில்லியிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் களவுபோன வண்டிகள் அங்கே சில மணி நேரத்தில் எஞ்சினாகவும் கதவாகவும் விளக்காகவும் பிரிந்துவிடும் என்பர். 2021 டிசம்பரில் காவல் துறை அச்சந்தைக் கடைகளை மூடியது. அம்மாதமே பிரதமர் ஒரு பொதுக்கூட்டத்தில் அதைக் குறிப்பிட்டுப் பேசுமளவுக்கு அதன் பெயர் பரவியிருந்தது. சாலையில் மிகுதியாக ஓடும் மாடல்களே மிகுதியாகத் திருடப்படுவதன் காரணமும் இதில் விளங்கும். அரிய வண்டியின் உறுப்பை வாங்க ஆளில்லை. எல்லோரும் ஓட்டும் வண்டியின் உறுப்புக்கு நாளும் தேவை உண்டு.

மற்றொரு வழி நுட்பமானது. வண்டி வாங்குவோரை நேரடியாகத் தொடுவது. விபத்தில் முற்றிலும் சிதைந்த ஒரு காரை மோசடிக் கும்பல் அடிமாட்டு விலைக்கு வாங்குகிறது. அதற்கு வேண்டியது அந்த இரும்பன்று. அதன் பதிவுச் சான்றிதழும் சேஸிஸ் எண்ணும்தான். பிறகு அதே மாடலில், அதே நிறத்தில் ஒரு வண்டியைத் திருடி, சிதைந்த காரின் எண்ணை அதில் பொறித்துவிடுகிறது. ஆவணங்கள் எல்லாம் மெய். வண்டி மட்டும் பொய். இத்தகைய வண்டியைப் பழைய வண்டிச் சந்தையில் நல்லெண்ணத்துடன் வாங்கியவர், என்றாவது ஒருநாள் காவல் துறை வந்து எடுத்துச் செல்லும்போது வண்டியையும் பணத்தையும் இழப்பார். அதற்கென வாங்கிய கடன் மட்டும் அவர் பெயரில் இருக்கும்.

எனவே பழைய வண்டி வாங்குவோர் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டால் மட்டும் போதாது. எண் பொறித்த இடத்தில் அராவிய தடமோ புதுப் பற்றவைப்போ புதுச் சாயமோ உள்ளதா என்று ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ என்னும் இணைய வசதியில், குறிப்பிட்ட வண்டி திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்று பொதுமக்களே பார்த்துத் தடையில்லாச் சான்றும் பெறலாம். காப்பீட்டு வரலாற்றைக் கேட்பதும் பயன் தரும். முழுச் சேதம் என்று இழப்பீடு பெற்ற வண்டி புத்தம் புதிதாக உங்கள் முன் நின்றால் அதற்குக் காரணம் கேட்கத்தான் வேண்டும். 2019 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகளில் உயர் பாதுகாப்புப் பதிவுப் பலகை கட்டாயம். அதைப் பொருத்தும் பூட்டு ஒருமுறை மட்டுமே பயன்படுவது. பலகை கழன்றிருந்தாலோ சாதாரண ஆணியால் பொருத்தியிருந்தாலோ அது ஓர் எச்சரிக்கை.

காப்பீடு இருக்கிறது, ஆனால் எது?

தில்லியிலும் சரி, பிற நகரங்களிலும் சரி, களவுபோகும் வண்டிகளில் பெரும்பகுதி இரு சக்கர வாகனங்களே. காப்பீட்டில் பெரும்பாலோர் தவறுவதும் இரு சக்கர வாகனத்தில்தான்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய கார்களுக்கு மூன்றாண்டுகளுக்கும், புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுத்துவிட வேண்டும். விபத்தில் அடிபட்டவர்க்கு இழப்பீடு கிடைக்காமற்போகக் கூடாது என்பதே ஆணையின் நோக்கம். அது நன்மையே செய்திருக்கிறது. ஆனால் ஒரு பக்கவிளைவும் உண்டானது.

ஸ்கூட்டர் வாங்கும் நாளில் விற்பனையாளர் ஒரு காப்பீட்டுத் தாளைத் தருகிறார். அதில் ஐந்தாண்டுகள் என்று போட்டிருக்கும். வாங்கியவர் அதைக் கோப்பில் வைத்துவிட்டு, ஐந்தாண்டுக்குக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறார். உண்மையில் அந்தத் தாளில் இரண்டு காப்பீடுகள் உண்டு. ஐந்தாண்டுக்கு உரியது மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்கை ஈடுசெய்வது. நம் வண்டிக்கு நேரும் சேதத்தையும் திருட்டையும் ஈடுசெய்யும் சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் முதல் ஓராண்டுக்கு மட்டுமே. இரண்டாம் ஆண்டு தொடங்கும் நாளில் அது முடிந்துவிடும். சாலையில் போலீஸ்காரர் தாளைப் பார்த்தால் குறை சொல்ல மாட்டார். சட்டம் கேட்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறதே. ஆகவே குறை கண்ணுக்குத் தெரிவதில்லை, வண்டி களவுபோகும் வரை.

90,000 ரூபாய் விலையுள்ள ஒரு ஸ்கூட்டர் மூன்றாம் ஆண்டில் களவுபோகிறது என்று கொள்வோம். சொந்தச் சேதக் காப்பீடு நடப்பில் இருந்தால், முப்பது விழுக்காடு தேய்மானம் கழித்து 63,000 ரூபாய் அளவில் இழப்பீடு வரும். அது இல்லையென்றால் ஒன்றுமே வராது. 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதக் காப்பீட்டைத் தனியாகவும், வேறு நிறுவனத்திடமிருந்தும்கூட எடுக்கலாம். இதைப் படிக்கும் வாசகர் பத்திரிகையைச் சற்றே மூடிவைத்து, தம் வண்டியின் காப்பீட்டுத் தாளில் ‘சொந்தச் சேதம்’ என்ற பகுதிக்கு எதிரே உள்ள தேதியைப் பார்த்துவிட்டு வந்தால் இக்கட்டுரை எழுதியதன் பயன் அத்துடன் கிட்டிவிடும்.

ஒரு காரின் கணக்கு

கார் வைத்திருப்பவர்க்கு முழுக் காப்பீடு இருப்பது இயல்பு. அவர்க்கு வரும் ஏமாற்றம் வேறு வகையானது.

திருட்டில் கிடைக்கும் இழப்பீட்டின் உச்ச வரம்பு, பாலிசியில் ஐ.டி.வி. என்று குறிக்கப்படும் காப்பீட்டு மதிப்பு. அது தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து தேய்மானம் கழித்த தொகை. வழக்கிலுள்ள அட்டவணைப்படி ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 என்று தேய்மானம் ஏறும். சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீட்டுச் செலவு ஆகியவை இம்மதிப்பில் சேரா.

ஓர் எடுத்துக்காட்டு. காரின் விலை 8 லட்சம். வரியும் பதிவும் காப்பீடும் சேர்த்து மேலும் 1,10,000. வாங்கியவர் தம் கையிலிருந்து 1,60,000 போட்டு, 7,50,000 ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெறுகிறார். மாதத் தவணை ஏறத்தாழ 12,067 ரூபாய். இரண்டாண்டு இரண்டு மாதம், அதாவது 26 தவணைகள் ஒழுங்காகச் செலுத்திய பின் கார் களவுபோகிறது.

அன்றைய தேதியில் கடன் நிலுவை ஏறத்தாழ 5,66,000. மூன்றாம் ஆண்டுப் பாலிசியின் காப்பீட்டு மதிப்பு, எட்டு லட்சத்தில் முப்பது விழுக்காடு போக, 5,60,000. சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்குரிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போனால் 5,59,000. பதிவுச் சான்றிதழிலும் பாலிசியிலும் வங்கியின் ஹைப்பாதிகேஷன் பதிவாகியிருப்பதால் காப்பீட்டு நிறுவனம் முதலில் வங்கியின் நிலுவையைத்தான் தீர்க்கும். ஆக, கார் இல்லை. கையில் ஒரு ரூபாயும் வரவில்லை. மேலும் 7,000 ரூபாய் கட்ட வேண்டும். முதலில் போட்ட 1,60,000-மும், தவணைகளாகச் செலுத்திய மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொகையும் காரை ஓட்டிய காலத்துக்கான செலவாகப் போயின.

இதுவும் இழப்பீடு அன்றே வந்தால்தான். வருவதில்லை. வழக்கு முடிய, ஆவணங்கள் சேர, நான்கு மாதம் ஆனது என்று வைத்தால், இல்லாத காருக்கு 48,000 ரூபாய் தவணை போகும். கடைசியில் இழப்பீட்டில் மிஞ்சி அவருக்கு வருவது 25,000-க்குச் சற்றுக் குறைவு. வட்டியும் சேர்ந்து உண்மையான பற்றாக்குறை 23,000 ரூபாயைத் தாண்டிவிடும். அதற்காகத் தவணையை நிறுத்திவிடலாமா என்றால், தண்டக் கட்டணம் ஏறுவதோடு கடன் மதிப்பெண்ணும் சரியும். அடுத்த வண்டிக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும்போது அது தடையாக வந்து நிற்கும்.

இன்னொரு நிலையையும் பாருங்கள். புதுப்பிக்கும் வேளையில் பிரீமியத்தில் சிறிது மிச்சம் பிடிக்க எண்ணி, காப்பீட்டு மதிப்பை 5 லட்சமாகக் குறைத்துப் போட்டிருந்தால், அதே நாளில் பற்றாக்குறை 67,000 ஆகியிருக்கும். இணையத்தில் பாலிசி எடுக்கும்போது மதிப்பைக் கூட்டவும் குறைக்கவும் வசதி தருகிறார்கள். கடன் உள்ள வண்டிக்கு அதைக் குறைக்கவே கூடாது என்று நான் அழுத்தமாகச் சொல்வேன்.

இப்பள்ளத்தை நிரப்பவே ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் காப்பு இருக்கிறது. திருட்டிலும் முழுச் சேதத்திலும், காப்பீட்டு மதிப்புக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வேறுபாட்டை அது தரும். நிறுவனத்தைப் பொறுத்துச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும்கூட அதில் சேரும். புதிய வண்டியின் முதல் சில ஆண்டுகளுக்கே இது கிடைக்கும். ஆயினும் நிலுவை மிகுந்து மதிப்பு விரைந்து தேய்வதும் அதே ஆண்டுகளில்தான். விலையில் பெரும்பங்கைக் கடனாக வாங்குவோர்க்கு இது வீண் செலவாகாது. ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் பிரீமியத்தில் கழிவும் உண்டு. தொகை மிகச் சிறிது, கருவியின் பயன் வேறு.

முதல் நாள் செய்ய வேண்டியவை

வண்டி காணவில்லை என்றதும் பலர் முதல் இரண்டு நாளைத் தேடுவதிலேயே கழிக்கின்றனர். போக்குவரத்துக் காவலர் இழுத்துச் சென்றாரா, வங்கியின் வசூல் முகவர் எடுத்துச் சென்றாரா என்று உறுதிசெய்து கொள்வது தேவைதான். அதற்குச் சில தொலைபேசி அழைப்புகள் போதும். அன்றே காவல் துறையில் புகார் பதிவாக வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு திருட்டுக்குரியது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி மின்னணு வழியிலும் புகார் தரலாம்; ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். விசாரணையின் போக்கை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் அச்சட்டத்தில் உண்டு.

அடுத்து, அன்றே காப்பீட்டு நிறுவனத்திற்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் அனுப்புவது நல்லது. திருடப்பட்ட வண்டியை எவரேனும் வேறு பெயருக்கு மாற்ற முயன்றால் அது தடுக்கும்.

காப்பீட்டு நிறுவனம் கேட்கும் ஆவணங்களில் தாமதம் செய்வது பெரும்பாலும் ஒன்றே. வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல் துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையே அது. மற்றவை நம் கையில் உள்ளவை: பதிவுச் சான்றிதழ், கையொப்பமிட்ட 28, 29, 30-ஆம் படிவங்கள், வங்கியின் கடன் கணக்கு விவரம், வண்டியோடு தந்த இரண்டு அசல் சாவிகள். இரண்டாவது சாவியைப் பற்றி ஒரு சொல். அது எங்கே என்று இந்நேரம் தெரியாதவர் நம்மில் பலர். சாவி ஒன்று குறைந்தால், வண்டியைச் சாவியோடு விட்டுச் சென்றீர்களா என்ற கேள்வி எழும். தொலைந்திருந்தால், தொலைந்த அன்றே புகார் தந்து சான்று வைத்துக்கொள்ள வேண்டும். கடனை முன்பே அடைத்தவர்க்கும் ஒரு நினைவூட்டல். வங்கியின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் படிவமும் வீட்டில் இருந்தால் போதாது. அவற்றைப் போக்குவரத்து அலுவலகத்தில் தந்து ஹைப்பாதிகேஷனை நீக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் இழப்பீடு வரும் நேரத்தில் மீண்டும் வங்கிக்கு அலைய நேரிடும்.

இழப்பீடு மறுக்கப்பட்ட வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தந்த மூன்று தீர்ப்புகளை வாடிக்கையாளர் அறிந்திருப்பது நல்லது. குர்ஷிந்தர் சிங் வழக்கில், டிராக்டர் களவுபோன அன்றே காவல் துறையில் புகார் பதிவானது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் ஐம்பது நாள்களுக்கு மேல் கழித்தே போயிற்று. புகார் உடனே பதிவாகித் திருட்டு மெய்யென்று தெரியும்போது, நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. அசோக் குமார் வழக்கில், லாரி ஓட்டுநர் வழி விசாரிக்க இறங்கியபோது சாவி வண்டியிலேயே இருந்தது, வண்டி போய்விட்டது. கவனக்குறைவு என்று நிறுவனம் முழுதும் மறுத்ததை ஏற்காமல், 2023-இல் நீதிமன்றம் 75 விழுக்காட்டை வழங்கியது. மூன்றாவது வழக்கு வாடிக்கையாளருக்குச் சாதகமானதன்று. சுஷில் குமார் கோதாரா தம் புதிய காரின் தற்காலிகப் பதிவு காலாவதியான பின், நிரந்தரப் பதிவு பெறாமலே வெளியூர் சென்றார். ஜோத்பூரில் வண்டி களவுபோனது. பதிவில்லாத வண்டியைச் சாலையில் ஓட்டியது அடிப்படை மீறல் என்று கூறி, இழப்பீடு தரத் தேவையில்லை என 2021-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் துறையில் உடனடிப் புகார், செல்லுபடியாகும் பதிவு ஆகிய இரண்டும் இருந்தால் பிற குறைகளுக்கு வழக்கில் இடம் கிடைக்கலாம். மறுப்புக் கடிதம் வந்தபின் கட்டணமின்றி அணுகத்தக்க இடம் காப்பீட்டு குறைதீர்ப்பாளர். அதற்கு ஓராண்டுக் கெடு உண்டு.

வண்டியைத் தெரிந்தவருக்குக் கொடுத்து அவர் திருப்பித் தராமற்போனால் அது திருட்டாகாமல் நம்பிக்கை மோசடி என்று பதிவாகலாம். அப்போது, பாலிசி ஈடுசெய்வது திருட்டைத்தான் என்று நிறுவனம் தர்க்கம் எழுப்ப இடமுண்டு. பரிவுடன் கொடுத்த வண்டிக்கு இந்த ஆபத்தும் சேர்ந்தே போகிறது.

சில வேளை வண்டி திரும்பக் கிடைக்கும். நாட்டில் களவுபோகும் பொருள்களின் மொத்த மதிப்பில் மீட்கப்படுவது பாதியைக்கூட எட்டுவதில்லை, ஆயினும் கிடைப்பதுண்டு. இழப்பீடு பெற்ற பின் கிடைத்தால் வண்டி காப்பீட்டு நிறுவனத்துக்கு உரியது. அதற்கு முன் கிடைத்தால், வழக்கின் சான்றுப் பொருளாக அது காவல் நிலைய வளாகத்தில் நிற்கும். அங்கே மழையிலும் வெயிலிலும் துருவேறிக் கிடக்கும் வண்டி வரிசைகளைப் பார்க்காதவர் இலர். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய வண்டிகளை இப்படி வைத்திருப்பதில் பயனில்லை என்றும், தக்க பிணைப்பத்திரம் பெற்று விரைவில் உரியவரிடம் விடுவிக்க வேண்டும் என்றும் கூறிவிட்டது. அதற்கான மனுவை உரிமையாளர்தான் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தர வேண்டும். வட இந்திய நீதிமன்றங்களில் இதை ‘சுபர்தாரி’ என்பர். மனுவோடு பதிவுச் சான்றிதழ், காப்பீட்டுத் தாள், முதல் தகவல் அறிக்கை ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். கடன் நிலுவையில் இருந்தால், வங்கிக் கிளையில் கேட்டு ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.